15 வயதுப் பையன் ஹாலோவீன் மிட்டாய் கேட்டால் குற்றமா?

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள செசபீக் நகருக்குக் குடிவந்தோம். மகனுக்கு 15 வயது, மகளுக்கு 8. மகன் இதுவரை ஹாலோவீன் (அக்டோபர் 31) அன்று வேடமிட்டு, மிட்டாய் கேட்டு வீடு வீடாகப் போனதில்லை. வந்த புதிதில் கூச்சம். இந்த ஆண்டு பள்ளி நண்பர்கள் அழைத்திருக்கிறார்கள். ராணுவ வீரன் வேடம் போடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெரியவர், "இந்த ஊரில் 14 வயதைத் தாண்டியவர்கள் மிட்டாய் கேட்டுப் போனால் குற்றம்" என்கிறார். உண்மையா? போலீஸ் பிடித்தால் என்ன ஆகும்? என் கணவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். கிரீன் கார்டு வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன. அதற்கு ஏதாவது பாதிப்பு வருமோ என்று தூக்கம் வரவில்லை. இன்னொன்று: வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் செய்த அதிரசமும் கடலை மிட்டாயும் கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பிறகு. உங்கள் மகன் தங்கைக்குத் துணையாக இரவு 8 மணிக்குள் வீடு வீடாகச் செல்லலாம். நண்பர்களோடு தனியாகப் பையை எடுத்துக்கொண்டு உங்கள் நகர எல்லைக்குள் மிட்டாய் கேட்டுப் போக வேண்டாம். பெரியவர் சொன்னது உண்மைதான், ஆனால் விதியில் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். மற்றப் பாதியில்தான் உங்கள் மகனுக்கான வழி இருக்கிறது.

செசபீக் நகரம் இந்த விதியை 1970-இல் இயற்றியது. அப்போது வயது வரம்பு 12. மீறியவருக்கு 25 முதல் 100 டாலர் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் அது சட்டப் புத்தகத்தில் கிடந்தது. 2018 அக்டோபரில் யாரோ எடுத்துப் போட, நாடு முழுக்கச் செய்தியாகிவிட்டது. மிட்டாய் கேட்ட 13 வயதுப் பிள்ளைக்கு ஆறு மாதம் சிறையா என்று கோபம் கிளம்பியது. நகர நிர்வாகம் விளக்கம் தர வேண்டியதாயிற்று: தம்பி தங்கையோடு ஒழுங்காகப் போகும் 13 வயதுப் பிள்ளைக்கு எந்தத் தொல்லையும் வராது; அதே பிள்ளை வாசல்களில் வைத்த பரங்கிக்காய்களைத் தூக்கித் தெருவில் போட்டு உடைத்தால்தான் வரும் என்றார்கள். விளக்கத்தோடு விஷயம் நிற்கவில்லை. 2019 மார்ச்சில் நகர மன்றம் விதியைத் திருத்தியது. வரம்பு 14 ஆனது, சிறைத் தண்டனை போயிற்று.

இன்றைய விதி இரண்டு பகுதிகள் கொண்டது. 14 வயதுக்கு மேற்பட்ட எவரும் 'ட்ரிக் ஆர் ட்ரீட்' எனப்படும், வீடு வீடாக மிட்டாய் கேட்கும் செயலிலோ, வேறு எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும் அதை ஒத்த செயலிலோ ஈடுபட்டால், அது நான்காம் வகுப்புச் சிறு குற்றம். இரவு 8 மணிக்குப் பிறகு ஈடுபட்டால், எந்த வயதானாலும் குற்றமே. வர்ஜீனியாவின் சிறு குற்றங்களில் நான்காம் வகுப்பு கடைசிப் படி. அதிகபட்சத் தண்டனை 250 டாலர் அபராதம். சிறை கிடையாது.

பெரியவர் சொல்லாமல் விட்டது, முதல் பகுதியிலேயே இருக்கும் விலக்கை. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் பாதுகாக்கவும் கூடச் செல்லும் பெற்றோர், காப்பாளர், அல்லது குழந்தையைச் சட்டப்படித் தன் பொறுப்பில் வைத்திருக்கும் வேறு பொறுப்பான நபர், இவர்கள் யாரையும் இந்த விதி தடுக்காது. அந்தப் 'பொறுப்பான நபருக்கு' 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. பெற்றோர் சொல்லி அனுப்ப, 8 வயதுத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு போகும் 15 வயது அண்ணன் அந்த விலக்குக்குள் வருவான் என்பதே என் கருத்து. மறுத்து வாதாட ஒருவர் விரும்பினால், 15 வயதுப் பையனின் பொறுப்பில் குழந்தையை விட முடியுமா என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கே இடம் தராமல் இருக்க ஒரு எளிய ஏற்பாடு உண்டு. நீங்களோ உங்கள் கணவரோ பத்தடி பின்னால் நடந்து வாருங்கள். மகன் வேடம் போட்டுக்கொள்ளட்டும். கதவைத் தட்டுவதும் மிட்டாய் கேட்பதும் தங்கையின் வேலையாக இருக்கட்டும். பை அவள் கையில் இருக்கட்டும். வீட்டுக்காரர் தாமாகவே அண்ணனுக்கும் ஒன்று நீட்டினால் வாங்கிக்கொண்டு நன்றி சொல்வதில் தவறில்லை. விதி கேட்டுப் போவதைப் பற்றியது.

"யாரும் பிடிப்பதில்லை, போகட்டும் விடுங்கள்" என்று உங்களுக்குச் சிலர் சொல்லியிருப்பார்கள், அல்லது சொல்வார்கள். நடைமுறையில் அது பெரும்பாலும் சரி. வயதைக் கேட்டுச் சோதிப்பது தங்கள் நோக்கமல்ல என்று நகரமே சொல்லியிருக்கிறது. ஆனாலும் அந்த ஆலோசனையை நான் எழுத்தில் தர மாட்டேன். வர்ஜீனியாவில் நகர விதியை மீறும் சிறுவர் செயலும் இளஞ்சிறார் சட்டத்தின் கீழ் குற்றச் செயலாகவே கருதப்படும். சிறுவர் அப்படிச் செய்ய வேண்டுமென்றே தூண்டும் பெரியவர் மீது தனியாக வழக்குப் போடவும் மாநிலச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது. மிட்டாய்க்காக யாரும் அதுவரை போக மாட்டார்கள். ஆனால் விசா வரிசையில் நிற்கும் குடும்பம், தெரிந்தே ஒரு விதியை மீறிவிட்டு அதிகாரியின் தாராள மனத்தை நம்பிக் கொண்டிருக்கக் கூடாது.

நண்பர்கள் பக்கத்து நகரத்தில் இருந்தாலோ, தெருவின் மறுகோடி வேறு நகரமாக இருந்தாலோ இன்னொரு சிக்கல் உண்டு. உங்கள் பகுதியில் செசபீக், நார்ஃபோக், வர்ஜீனியா பீச், போர்ட்ஸ்மத், சஃபோக் எல்லாமே எந்த மாவட்டத்துக்கும் உட்படாத தனி நகரங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மன்றம், தனி விதித் தொகுப்பு. நார்ஃபோக்கில் நீண்ட காலம் வரம்பு 12 வயதாக இருந்தது. ஆகவே "அந்தப் பக்கம் போய்க் கேட்டுக்கொள்கிறேன்" என்று மகன் சொன்னால், அங்கே விதி இன்னும் கடுமையாக இருக்கலாம். இந்த விதிகள் அவ்வப்போது மாறுபவை. ஒவ்வொரு அக்டோபரிலும் அந்தந்த நகரத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

இது உங்கள் வட்டாரத்தின் தனி விநோதமும் அல்ல. இல்லினாய் மாநிலத்தின் பெல்வில் நகரம் 2008-இல், எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்கள் போகக் கூடாது என்று விதி போட்டது. உயரமான பையன்கள் வாசலில் வந்து நிற்பது முதியவர்களுக்கும் தனியாக வாழும் பெண்களுக்கும் பயமாக இருக்கிறது என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் பாதர்ஸ்ட் நகரம் 14 என்று வைத்திருந்த வரம்பை 2017-இல் 16 ஆக உயர்த்தியது. அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் வயது வரம்பே கிடையாது. நேரம் மட்டும் அறிவிப்பார்கள்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

போலீஸ் அதிகாரி உங்கள் மகனை நிறுத்தினால், பெரும்பாலும் நடக்கக்கூடியது "வீட்டுக்குப் போ தம்பி" என்ற ஒரு வாக்கியம். அவன் முகமூடியைக் கழற்ற வேண்டும், கைகளைப் பார்வையில் வைத்திருக்க வேண்டும், பெயரையும் வயதையும் உண்மையாகச் சொல்ல வேண்டும், பெற்றோரை அழைக்க அனுமதி கேட்க வேண்டும். ஓடக் கூடாது. வயதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மிட்டாய் விவகாரம் அபராதத்தோடு முடிந்துவிடும். அதிகாரியிடம் பொய் சொன்னால் அது தனி வழக்காக வளரும்.

அரிதினும் அரிதாக வழக்கு என்று வந்தால், 18 வயதுக்கு உட்பட்டவன் என்பதால் அது இளஞ்சிறார் மற்றும் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகும். குடியேற்றச் சட்டம் இதைப் பற்றித் தெளிவாகவே இருக்கிறது. குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2000-ஆம் ஆண்டில் டெவிசன் வழக்கில் சொன்னபடி, இளஞ்சிறார் நீதிமன்றத்தின் தீர்ப்பு குடியேற்ற நோக்கங்களுக்குக் 'குற்றத் தண்டனை' ஆகாது. அது ஒருபுறம் இருக்க, மிட்டாய் கேட்பதில் மோசடியும் இல்லை, திருட்டும் இல்லை, யாருக்கும் தீங்கும் இல்லை. விசாவை மறுக்க வைக்கும் நெறிகெட்ட குற்றங்களின் வரிசையில் அது வராது. உங்கள் கணவரின் விண்ணப்பத்தில் மகனின் இந்தச் சிறு வழக்கு ஏறாது. மகனின் விண்ணப்பம் அவனுடையது.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். மகனுக்காக நிரப்பும் கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 படிவத்தில், எப்போதாவது கைது செய்யப்பட்டாயா, சம்மன் கொடுக்கப்பட்டாயா என்று கேட்பார்கள். சிறுவனாக இருந்தபோது நடந்ததும் அந்தக் கேள்வியில் அடங்கும். சம்மன் வாங்கியிருந்தால் 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும், நீதிமன்றக் காகிதங்களை இணைக்க வேண்டும். ஒன்றுமில்லாத வழக்கை 'இல்லை' என்று மறைத்து எழுதி, அந்த மறைப்பாலேயே தொல்லைக்கு உள்ளாகும் குடும்பங்களைத்தான் எங்கள் தொழிலில் பார்க்கிறோம். சம்மனில் கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. குறித்த நாளில் வருகிறேன் என்ற உறுதிமொழி மட்டுமே. பயந்து மறுத்துவிட வேண்டாம். காகிதத்தை அப்படியே உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது வயது இல்லை. ராணுவ வீரன் வேடம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது.

சீருடை போடட்டும். கையில் துப்பாக்கி வேண்டாம், பொம்மையானாலும் வேண்டாம். வர்ஜீனியாவில் துப்பாக்கியை மட்டுமல்ல, துப்பாக்கி போலத் தோன்றும் எந்தப் பொருளையும் பிறர் அஞ்சும்படி நீட்டுவது முதல் வகுப்புச் சிறு குற்றம். அதற்கு 12 மாதம் வரை சிறை உண்டு. மிட்டாய் விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டத்தைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. 2014-இல் கிளீவ்லாந்து நகரத்துப் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயது தமீர் ரைஸ், போலீஸ் வாகனம் வந்து நின்ற சில நொடிகளில் சுடப்பட்டான். பொம்மை என்பதைக் காட்டும் ஆரஞ்சு நிற முனை அந்தத் துப்பாக்கியில் இல்லை. இருட்டு, முகத்தில் சாயம், கையில் கறுப்பாக நீளமாக ஒன்று, பையனோ மாநிறத்தவன். இந்தச் சேர்க்கையை என் பிள்ளைக்கு நான் அனுமதிக்க மாட்டேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

முகமூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 16 வயதைத் தாண்டியவர் அடையாளத்தை மறைக்கும் நோக்கத்தோடு பொது இடத்தில் முகமூடி அணிவது வர்ஜீனியாவில் பெருங்குற்றம். கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் முகமூடிகளுக்கு எதிராகப் பல தென் மாநிலங்கள் இயற்றிய சட்டங்களின் வழி வந்தது அது. பண்டிகைக்கு வழக்கமாக அணியும் வேடங்களுக்கு அதில் விலக்கு இருக்கிறது. ஹாலோவீன் மாலையில் உங்கள் கணவர் புலி முகமூடி மாட்டிக்கொண்டு மகளோடு நடந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. அதே முகமூடியோடு மறுநாள் கடைக்குப் போக வேண்டாம்.

வாசல்களைப் பற்றிப் பிள்ளைகள் இருவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். 1992 அக்டோபர் 17 அன்று லூயிசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், ஜப்பானிலிருந்து படிக்க வந்த 16 வயது யோஷிஹிரோ ஹட்டோரி ஹாலோவீன் விருந்துக்குப் போகும் வழியில் தவறான வீட்டு மணியை அடித்துவிட்டான். வீட்டுக்காரர் அவனைச் சுட்டுக் கொன்றார். குற்றவியல் வழக்கில் ஜூரி அவரை விடுதலை செய்தது. பெற்றோர் போட்ட உரிமையியல் வழக்கில் 6,50,000 டாலர் இழப்பீடு தீர்ப்பானது. மொழியும் வழக்கமும் புதிதான ஒரு பிள்ளைக்கு நேர்ந்தது என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன். வாசல் விளக்கு எரிந்தால் 'வாருங்கள்' என்று பொருள், அணைந்திருந்தால் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும். இந்த நாட்டுப் பிள்ளைகள் நடக்கத் தெரிந்த நாள் முதல் அறிந்தது இது. உங்கள் மகனுக்கு யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும். கொல்லைப்புறம் வழியாகச் சுற்றிப் போகக் கூடாது. புல்வெளியைக் குறுக்கே கடக்காமல் நடைபாதை வழியாகவே வாசலுக்குப் போக வேண்டும்.

சாலைதான் அன்றைய மாலையில் மெய்யான எதிரி. அமெரிக்காவின் 1975 முதல் 2016 வரையிலான விபத்துக் கணக்கை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த மருத்துவ ஆய்வு ஒன்று, அக்டோபர் 31 மாலை 5 மணி முதல் நள்ளிரவு வரை பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் வாய்ப்பு 43 சதவீதம் அதிகம் என்று கண்டது. அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் அதே நேரத்தோடு ஒப்பிட்ட கணக்கு இது. 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பு பத்து மடங்கு. உங்கள் மகள் அந்த வயதில் இருக்கிறாள். அன்று உங்கள் ஊரில் 6 மணியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சூரியன் மறைந்துவிடும். அவள் முதுகில் ஒளி பிரதிபலிக்கும் நாடாவை ஒட்டுங்கள். சைக்கிள் கடைகளில் கிடைக்கும். மகனுக்கு ஒரு டார்ச் விளக்கைக் கொடுத்து, சாலையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அவன்தான் முதலில் இரு பக்கமும் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். துணைக்குப் போகிறவன் என்று விதி அவனுக்குத் தந்திருக்கும் இடம் வெறும் சாக்காக இருக்க வேண்டியதில்லை. அதை அவன் நிஜமாகவே செய்யலாம்.

அதிரசத்தைப் பற்றி. வீட்டில் செய்த பண்டம் கொடுக்கக் கூடாது என்று வயது விதி சொல்லவில்லை. ஆனால் உறை பிரித்ததும், வீட்டில் செய்ததும் இங்கே பெரும்பாலான பெற்றோர் குப்பையில் போட்டுவிடுவார்கள். உங்கள் உழைப்பு அப்படிப் போக வேண்டாம். முன்பின் தெரியாதவர் விஷம் கலந்த மிட்டாய் கொடுப்பார் என்ற பயம் இந்த நாட்டில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல பத்தாண்டுகளாகத் தேடியும், அப்படி ஒரு அந்நியரால் குழந்தை கொல்லப்பட்டதாக உறுதியான ஒரு நிகழ்வைக்கூடக் கண்டதில்லை. இருந்தாலும் பயம் போகவில்லை. கடலை மிட்டாயை மட்டும் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள். நிலக்கடலை ஒவ்வாமை இங்கே பல குழந்தைகளுக்கு உயிர்ப் பிரச்சினை. ஒரு கடியில் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். கடையில் வாங்கிய, உறையில் பொருள் பட்டியல் அச்சிட்ட மிட்டாய்களை வையுங்கள். தனியாக ஒரு கிண்ணத்தில் பென்சில், ஸ்டிக்கர் போன்றவற்றை வைத்து, வாசலில் நீலப்பச்சை நிறம் பூசிய பரங்கிக்காய் ஒன்றை வைத்தால், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் புரிந்துகொள்வார்கள். அதிரசத்தைப் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஒரு தட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்களை எச்சரித்தவர் நல்லெண்ணத்தோடுதான் எச்சரித்திருக்கிறார்.

8 மணிக்கு மேல் மகன் நண்பர்களை வீட்டுக்கு அழைக்கட்டும். வேடத்தோடு வந்து, சாப்பிட்டு, படம் பார்த்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்குள் நடக்கும் விருந்துக்கு இந்த விதியில் தடை எதுவும் இல்லை.

விதியைப் பின்பற்றச் சொல்லும் நான், அதை நல்ல விதி என்று கருதவில்லை என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பரங்கிக்காய் உடைப்பதும், சொத்தைச் சேதப்படுத்துவதும், மிரட்டுவதும் ஏற்கெனவே குற்றங்கள்தாம். அவற்றைச் செய்பவனைப் பிடிக்கத் தனியாக ஒரு வயது வரம்பு தேவையில்லை. 15 வயதில் ஒரு பையன் கோமாளி வேடம் போட்டு அக்கம்பக்கத்தில் மிட்டாய் கேட்கத் தயாராக இருக்கிறான் என்றால், அந்த மாலையில் அவன் போகக்கூடிய வேறு எத்தனையோ இடங்களைவிட அது நல்ல இடம். உங்கள் மகனைப் போல் 13 வயதில் வந்திறங்கிய பிள்ளைகளின் நிலை இன்னும் வருத்தம் தருவது. மற்றவர்களுக்குக் கிடைத்த பத்து ஹாலோவீன்களில் ஒன்றுகூட அவனுக்குக் கிடைக்கவில்லை. கூச்சம் தெளிந்து கிளம்பும்போது வயது முடிந்துவிட்டது என்று நகரம் சொல்கிறது. இதைச் சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

2019-இல் விதி மாறியது மக்கள் பேசியதால்தான். நகர மன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுத வாக்குரிமை தேவையில்லை, கிரீன் கார்டு தேவையில்லை, 18 வயதும் தேவையில்லை. வரம்பை நீக்குங்கள் என்றோ, 17 ஆக்குங்கள் என்றோ உங்கள் மகனே தன் கதையை ஒரு பக்கத்தில் எழுதட்டும். அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். விதியின் பிரிவு எண்ணையும் வாசகத்தையும் சரிபார்த்துத் தருகிறேன்.